அந்தப் பெட்டிக்குள்ள

அமலராணி: ...இந்தச் சட்டை வேணாம்.

சிலுவைராஜ்: ஏன், நல்லாத்தானே இருக்கு?

அமலராணி: அதனாலதான் வேணாங்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஞாயித்துக்கெழமை பூசைக்கே இஸ்திரி போடாத ஆளு. மிரேய் வர்றாள்னதும்...

சிலுவைராஜ்: இருபது வருஷம் கழிச்சு பிரான்சுலேர்ந்து வந்திருக்கா. உன் கூடப் படிச்சவ. கைலியோட நிக்கவா?

அமலராணி: என் கூடப் படிச்சவதான். அழுதது நீங்க.

சிலுவைராஜ்: எப்ப?

அமலராணி: இன்னிக்கு பேப்பர்ல படம் போட்டிருக்கானே. கென்னடி செத்து இருபது வருஷமாம்.

சிலுவைராஜ்: அறுபத்துமூணு... என்னா வருஷம் அது. பிரெஞ்சுக் குடியுரிமைக்குக் கையெழுத்துப் போடற கெடு பிப்ரவரியோட முடிஞ்சுது. அவ அப்பா போட்டுட்டாரு, எங்கப்பா மாட்டேன்னுட்டாரு. ஜூன்ல போப்பாண்டவர் இறந்தாரு...

அமலராணி: அதே மாசம் கென்னடி அயர்லாந்து போனாரு. எங்க அயர்லாந்து சிஸ்டர் வகுப்பு முழுக்க மிட்டாய் குடுத்தாங்க. பஞ்சத்துல கப்பலேறிப் போனவரோட கொள்ளுப்பேரன் ராஜா மாதிரி திரும்பி வந்திருக்கான்னாங்க. மிரேய் எழுந்து, நாங்களும் கப்பலேறப் போறோம் சிஸ்டர்னா. எல்லாரும் அவளையே பாத்தாங்க.

சிலுவைராஜ்: நீயும்தானே?

அமலராணி: நான் அவ ஷூவைப் பாத்தேன்.

சிலுவைராஜ்: ஷூவையா? ஹஹ்ஹா!

அமலராணி: சிரிக்காதீங்க. நவம்பர்ல கென்னடிக்குக் கோயில்ல பூசை வெச்சாங்க. உடம்பு இல்லாத பூசைக்கு வெக்கிற காலிச் சவப்பெட்டி, மேல கறுப்புத் துணி. நீங்க தேம்பித் தேம்பி அழுதீங்க. சிலுவைக்குக் கென்னடி மேல என்னா பாசம்னு ஊரே சொல்லுச்சு.

சிலுவைராஜ்: நல்ல மனுஷன், ராணி.

அமலராணி: அன்னிக்குக் காலையிலதான் மிரேய் வீட்டுல எல்லாரும் பாண்டிச்சேரிக்குக் கார் ஏறினாங்க. யாருக்கு அழுதீங்க?

சிலுவைராஜ்: ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாளேன்னு அழுதேன். போதுமா?

அமலராணி: ...சொல்லாமப் போகல.

சிலுவைராஜ்: ம்.

அமலராணி: இன்னிக்கு அவ வாயால வர்றதுக்கு முந்தி நானே சொல்லிடறேன். கார் ஏறும்போது எங்கிட்ட ஒரு கடிதாசி குடுத்தா, உங்ககிட்ட சேத்துடச் சொல்லி. குடுக்கணும்னுதான் கோயிலுக்குக் கொண்டாந்தேன். நீங்க அழுதீங்க பாருங்க... மனசு வரல. எல்லாரும் போனப்புறம் அந்தப் பெட்டி மூடியைத் தூக்கி உள்ள போட்டுட்டேன்.

சிலுவைராஜ்: ம்.

அமலராணி: என்னா, ம்? அடுத்த தையில நம்ம கல்யாணம். தாலி கட்டறப்பகூட அந்தப் பெட்டி ஞாபகந்தான் எனக்கு. கோவமாவது படுங்களேன்.

சிலுவைராஜ்: கல்யாணத்துக்கப்புறம் வந்துச்சே கல்லறைத் திருநாள்... அன்னிக்குப் பூசைக்கு அந்தப் பெட்டியை வெளிய எடுத்துத் தெறந்து தூசி தட்டினது நான்தான்.

அமலராணி: ...படிச்சீங்களா?

சிலுவைராஜ்: ராணிகிட்ட குடுத்தனுப்பறேன், மூணு நாள்ல கப்பல், பாண்டிச்சேரிக்கு வந்துடுன்னு இருந்துச்சு.

அமலராணி: பத்தொன்பது வருஷம்... ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?

சிலுவைராஜ்: கேக்கணும்னுதான் வீட்டுக்கு வந்தேன். அப்ப உனக்கு ஏழாம் மாசம். சட்டையில என்னா இவ்வளவு தூசின்னு, நீயே எழுந்து வந்து தட்டிவிட்டே.