அச்சுப்பிழை இல்லை

—அந்தப் பசை டப்பாவக் கொஞ்சம் தள்ளி வைம்மா, உக்கார எடமில்ல. நல்ல சேதி கொண்டு வந்திருக்கேன்.

—நின்னுக்கிட்டே சொல்லுண்ணா. இந்த அடுக்கு முழுக்கச் சாயந்திரத்துக்குள்ள பைண்டிங் முடிக்கணும். மொதலாளி காலையில இருந்தே எரிஞ்சு விழறாரு.

—அதாவது, எனக்குக் குடல்ல வந்துச்சே கட்டி, அது பரம்பரை வியாதி இல்லையாம்! நேத்து டாக்டரம்மா சொன்னாங்க.

—என்னது?

—மியூட்டேஷன் இல்லையாம். அதாவது, ஜீன்ல எழுத்து மாறிப்போனாத்தான் அதுக்கு மியூட்டேஷன்னு பேரு. எனக்கு எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. அது மேல ஏதோ ரசாயனம் ஒட்டிக்கிட்டு, அத வேலை செய்ய விடாம மூடிடுச்சாம். எபிஜெனடிக்னு சொன்னாங்க. வயசாக ஆக சிலருக்கு அப்படி ஆகுமாம். அதுவும் கட்டியில மட்டும்தான். ரத்தத்துல ஒண்ணுமில்ல.

—இந்தா, இதப் பாரு. பசை வழிஞ்சு ரெண்டு பக்கம் ஒட்டிக்கிச்சு. அச்சுல ஒரு பிழை கிடையாது, ஆனா படிக்க முடியாது. இப்படியா?

—அதேதான்!

—அச்சுப்பிழைன்னா அடிச்ச அத்தனை புத்தகத்துலயும் இருக்கும். பசைன்னா இந்த ஒரு புத்தகத்தோட போச்சு.

—உன்ன டாக்டருக்குப் படிக்க வச்சிருக்கணும் போ. அதாவது, உனக்கும் பயமில்ல, என் பொண்ணுக்கும் பயமில்ல.

—சரிதான். அப்போ நான் எதுக்குண்ணா கர்ப்பப்பைய எடுத்தேன்?

—அத ஏம்மா இப்போ பேசிக்கிட்டு...

—வேற எப்போ பேசறது? எனக்கு இருந்தா உனக்கும் இருக்கும், குடல்ல வராட்டி கர்ப்பப்பையில வரும்னு சொன்னது யாரு? எனக்கும் ரத்தம் பாக்கட்டுமான்னு கேட்டப்போ, அது வெட்டிச் செலவுன்னு சொன்னது யாரு? ஆஸ்பத்திரிக்கே வந்து, எனக்கு ரத்த டெஸ்ட்லயே வந்துடுச்சு, குடும்பத்துல உறுதியாயிடுச்சு டாக்டர்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னியே!

—உன் உசுரு பெருசுன்னு நெனச்சேம்மா. அப்பாவும் வயித்து நோவுலதானே போனாரு. கட்டியில ஏதோ புரதம் காணோம், பரம்பரையாவும் இருக்கலாம்னு ஆபரேஷன் பண்ண டாக்டர் சொன்னப்போ எனக்கு ஈரக்கொலை நடுங்கிப் போச்சு.

—ஒண்ணே ஒண்ணு பெத்துட்டு எடுத்துக்கறேன்னு கெஞ்சினேன். பெத்தா அதுக்கும் வரும், அந்தப் பாவத்தக் கட்டிக்காதேன்னு வாயை அடைச்ச. எம் புருஷன் கொஞ்ச நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தாரு. அப்புறம் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. இப்போ அவருக்கு ரெட்டைக் குழந்தைங்க. தெரியும்ல?

—தெரியும்.

—உன் பொண்ணு கல்யாணத்துக்கு ஓடியாடி வேலை பாத்தேனே, வந்தவங்க எல்லாம் என்ன கேட்டாங்க தெரியுமா? உனக்கு எத்தனை குழந்தைங்கன்னுதான். சிரிச்சு வச்சேன். நம்ம ரத்தம் அப்படி, யார நோவறதுன்னு மனசத் தேத்திக்கிட்டேன். நீ என்னடான்னா நல்ல சேதின்னு வந்து நிக்கற.

—நான் என்னம்மா பண்றது...

—உன்னச் சொல்லல. பொய்யா ரிசல்ட் குடுத்தான் பாரு, அவனச் சொல்றேன். அன்னிக்கு ரத்தத்துல இருக்குன்னு வந்துச்சே, அது எந்த லேப்பு?

—போனது போகட்டும்மா.

—எப்படிண்ணா போகட்டும்? என் வயித்த அறுத்து எடுத்தாச்சு! இந்த வேலை போனாலும் பரவாயில்ல, அவன கோர்ட்டுல ஏத்தாம விடமாட்டேன். நீயும் வந்து சாட்சி சொல்லணும். லேப்பு பேரச் சொல்லு.

—விடுன்னு சொல்றேன்ல.

—பேரச் சொல்லுண்ணா!

—அப்படி ஒரு லேப்பே இல்லம்மா. பரம்பரை வியாதின்னு ரிப்போர்ட் வந்துட்டா என் பொண்ண எவன் கட்டுவான்னு பயந்துட்டேன்... அவ கல்யாணம் முடியட்டும்னு இருந்து, போன மாசம்தான் ரத்தமே குடுத்தேன்.