ஓசூர் சாலைக்கு மேலே அவ்ரோ

அவ்ரோ விமானம் வருகிறது.

இரண்டு இயந்திரங்கள். அடியில் உறுமல். அதற்கு மேலே மெல்லிய சீழ்க்கை. தாழ்வாக வருகிறது. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கேட்டவுடன் குப்புற விழ வேண்டும். முழங்கைகள் நெஞ்சுக்குக் கீழே. விரல்கள் காதில். வாய் திறந்திருக்க வேண்டும். உடல் விழப் பார்க்கிறது. முடியவில்லை. என் இடது மணிக்கட்டு ஒரு கான்ஸ்டபிளின் பிடியில் இருக்கிறது.

இது யாழ்ப்பாணம் இல்லை. பெங்களூர். அடுகோடியில் கம்பெனி பஸ் நிற்கும் இடம். 1991 ஜூன். காலை.

முந்தைய ஆண்டு, ஊரில், இதே வகை விமானம் எங்கள் தெருவில் பீப்பாய்க் குண்டு போட்டது. நாங்கள் பதுங்கு குழிக்குள் இருந்தோம். மாமி முற்றத்தில் நின்றார். அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணுக்கு மேலே கை வைத்துப் பார்த்தார். மாமியின் மகள் சாந்தி குழிக்குள்ளிருந்து கத்தினாள். "அம்மா! விழுந்து படு!" மாமி படுக்கவில்லை.

படகேறியது சாந்தியும் நானும்.

அடுகோடியில் ஓர் அறை. பொம்மசந்திராவில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்யும் சிறிய தொழிற்சாலையில் வேலை. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் படித்தவள். சர்க்யூட் அட்டைகளைச் சோதிப்பேன். சாந்திக்குச் சால்டரிங் இரும்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நான். ஆனால் சில மாதங்களில் லைன் முழுவதும் அவளுடையதாகிவிட்டது. அவளிடம் இருந்தவை: கன்னடம். இந்த ஊர்த் தமிழ். தலையில் கனகாம்பரம். பஸ்ஸில் ஜன்னலோர இடம். அவளைப் பெண் கேட்க நினைத்த மேற்பார்வையாளர். அவர் அவளைத் தங்கவயல்காரி, இந்த மாநிலத்துத் தமிழ்ப்பெண், என்றே நம்பினார். எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள்.

என்னிடம் டிப்ளோமா இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒவ்வொரு நாளும்.

முன்னாள் பிரதமர் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட அந்த மே மாதத்துக்குப் பிறகு போலீஸ் வீடு வீடாக வந்தது. பிடியாணை கேட்க யாருக்கும் துணிவில்லை. சந்தேகம் போதும். இலங்கையர் எல்லாரும் ஸ்டேஷனில் பதிய வேண்டும் என்றார்கள். நான் பதிந்தேன். புகைப்படம். கைரேகை. வாரம் ஒரு கையெழுத்து. அனுமதி இல்லாமல் நகரத்தை விட்டுப் போகக் கூடாது.

சாந்தி பதியவில்லை.

"பதிஞ்சால் முகாமிலை கொண்டுபோய்ப் போடுவாங்கள். உனக்கு இந்த ஊர் மாதிரிக் கதைக்க வராது மச்சாள், நீ பதி. எனக்கு என்னத்துக்கு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுட்டது. அடுத்து ஒரு விதியும் போட்டாள். வெளியே நாங்கள் ஒருவரையொருவர் தெரியாதவர்கள். அவள் முன்னால் நடப்பாள். நான் பின்னால். அந்த நடையைப் பின்னாலிருந்து தினமும் பார்த்தேன். இந்தத் தெருவில் பிறந்தவளின் நடை.

அன்று காலை ஜீப் நின்றது. பஸ்ஸில் ஏறுகிறவர்களை நிறுத்திக் கேட்டார்கள். முதலில் சாந்தி.

"நில்லும்மா. ஊரு யாவுது?"

"இதே அடுகோடிதான் சார். டெய்லி நான் இங்க நிக்கிறேன், டெய்லி நீங்க அங்க டீ குடிக்கிறீங்க. ஹொஸ்தா, என்னமோ புதுசா கேக்கறீங்களே! பஸ் போய்ட்டா என் சம்பளத்த நீங்க குடுப்பீங்களா?"

வரிசை சிரித்தது. கான்ஸ்டபிளும் சிரித்தார். "ஹோகம்மா, ஹோகு. பாயி நோடு, வாயப் பாரு இவளுக்கு."

அவள் படியில் ஏறினாள். பூவைச் சரிசெய்தாள். வயிறு எரிந்தது எனக்கு.

அடுத்தது நான். பதிவுத் தாளை நீட்டினேன்.

"சிலோனா?" சிரிப்பு போய்விட்டது. மணிக்கட்டைப் பிடித்தார். "ஸ்டேஷனுக்கு நட."

"பதிஞ்சிருக்கு சார்."

"அத அங்க வந்து சொல்லு."

சாந்தி எதிர்ப்பக்கம் பார்த்தாள். விதிப்படி. முகம் துளியும் மாறவில்லை. அவ்வளவு நன்றாக அவளால் முடிந்ததைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது.

அப்போதுதான் அவ்ரோ.

விமான நிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த ஊரில் அது தீங்கில்லாத விமானம். வரிசை நிமிர்ந்து பார்க்கிறது. டீக்கடைக்காரர் கண்ணுக்கு மேலே கை வைக்கிறார். நானும் நிற்கிறேன். பிடித்திருக்கிறார்கள், அதனால் நிற்கிறேன். என் முகமும் மேலே இருக்கிறது.

படியிலிருந்து சாந்தி என்னைப் பார்க்கிறாள்.

"மச்சாள்! விழுந்து படு! படு!"

கத்திக்கொண்டே குதிக்கிறாள். சரளைக்கல்லில் குப்புற விழுகிறாள். முழங்கைகள் நெஞ்சுக்குக் கீழே. விரல்கள் காதில். வாய் திறந்திருக்கிறது.

விமானம் போய்விட்டது. பஸ் என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ, "ஏனாய்த்து ரீ?" என்று, என்ன ஆயிற்று என்று, கேட்டார்கள். யாரோ சிரித்தார்கள். கான்ஸ்டபிள் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்தார். என் தாளைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். என் கையை விட்டுவிட்டு அவளிடம் போனார்.

எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். மாலையில் என்னை விட்டார்கள். எனக்குத் தாள் இருந்தது. அவளுக்கு இல்லை. பதியாதது குற்றம், பொய் சொன்னது இன்னொரு குற்றம் என்றார்கள். பிறகு தமிழ்நாட்டில் ஒரு முகாம். அத்திப்பள்ளி எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்ட எனக்கு அனுமதி கேட்டேன். கிடைக்கவில்லை. மறுபடி கேட்டேன். 1992 இல் அவளைக் கப்பலேற்றித் திருகோணமலைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு செய்தி இல்லை.

இதை எழுதுவது 1996 இல். அதே அறை. அதே தொழிற்சாலை. விமானம் வந்தால் இந்த ஊர் நிமிர்ந்து பார்க்கிறது. அவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் பொறாமை. அந்தப் பொறாமை சாந்தி மேலும் இருக்கிறது. அன்று காலை, கத்திக் காப்பாற்ற அவளுக்கு ஓர் ஆள் இருந்தது.

இழந்தவை. ஊரில் ஒரு வீடு. அதன் முற்றத்தில் மாமி. பெங்களூரில் ஜன்னலோரத்து இடம். இப்போது வேறு பெண் உட்காருகிறாள். சரளையில் ஒரு முழம் கனகாம்பரம். மேற்பார்வையாளரின் எண்ணம், அவர் அவளைப் பற்றி ஒரு முறைகூடக் கேட்கவில்லை. சாந்தி.

இழந்த ஆட்கள் இரண்டு பேர். என்னை மச்சாள் என்று கூப்பிட, இந்த ஊரில், ஒருவரும் மீதி இல்லை.