பாத்துக்கலாம் சாரும் குளியலறைக் கதவும்

பேனா எழுதவில்லையா ஐயா? பரவாயில்லை, நிதானமாக வேறு பேனா தேடுங்கள். எனக்கு அவசரமே இல்லை. பல் டாக்டர் கிளினிக்கில் பதினோரு வருஷமாக வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீரோடு வருபவரிடம், "அஞ்சே நிமிஷம், உட்காருங்க" என்று சொல்லி ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பதுதான் என் வேலை. அதைச் சிரித்த முகமாகச் செய்ய வேண்டும். செய்துகொண்டிருந்தேன். பத்து வருஷம் முடிந்தபோது டாக்டரம்மா ஒரு சுவர்க் கடிகாரம் பரிசாகக் கொடுத்தார்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மாடி. கீழே இரண்டு தளத்திலும் வீட்டுக்காரர் தன் பழைய கட்டில், பீரோ, கால் உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். மேலே ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரு குளியலறை. அதில் நானும் அக்காவும். அக்கா வீட்டிலிருந்தே ஒரு தையல் கடைக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுப்பாள். எங்கள் இரண்டு பேர் வருமானத்துக்கும் இதை விட்டால் வேறு வீடு கிடையாது. தேடிப் பார்த்தாயிற்று. தரகர் ஒருவர் எங்களால் எவ்வளவு முடியும் என்று கேட்டுவிட்டு, "அதுக்கு வீடு கிடைக்காதும்மா, வாசப்படி வேணா கிடைக்கும்" என்றார். நல்ல மனிதர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்.

வீட்டுக்காரரும் கெட்டவர் இல்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. கூரை ஒழுகுகிறது என்றால், "பாத்துக்கலாம்மா" என்பார். சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால், "ஆள் சொல்லியிருக்கேன், வெள்ளிக்கிழமை வருவான்" என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்க நமக்குத்தான் வாய் வராது. அக்கா அவருக்குப் 'பாத்துக்கலாம் சார்' என்று பெயர் வைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. கைப்பேசியில்கூட அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். அவர் பெயரைத் தெருவில் நின்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன்.

இப்போது கதவு. குளியலறைக் கதவுக்கு உள்ளே ஒரு பிடி, வெளியே ஒரு பிடி. உள்பிடி போன மழைக்காலத்தில் கழன்று கையோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் மிச்சம். தரையோ சாய்வு, கதவு தானாகவே ஓடி வந்து சாத்திக்கொள்ளும். டக்கென்று தாழ் விழுந்துவிட்டால் உள்ளே இருப்பவர் பாடு திண்டாட்டம்தான். ஜன்னலும் கிடையாது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துளை. எட்டு தடவை சொன்னேன். எட்டு தடவையும் பாத்துக்கலாம் என்றார். அதுவரை கதவு சாத்தாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தோம்.

ஒரு நாள் நான் எட்டரை மணிக்கு வேலைக்குப் போன கையோடு அக்கா குளிக்கப் போயிருக்கிறாள். கால் தட்டி செங்கல் நகர்ந்துவிட்டது. அக்காவுக்கு வீசிங் உண்டு. இன்ஹேலர் மேஜைமேல் இருந்தது. நான் திரும்பி வந்தது மாலை ஆறு மணிக்கு. ஒன்பதரை மணி நேரம் ஐயா. கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி உண்டு. அதில் மூக்கை வைத்துக்கொண்டு ஈரத் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். கதவின் அடிப்பக்கம் முழுக்க நகக் கீறல். நான் தூக்கி உட்கார வைத்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "பட்டன் தச்ச துணியை வாங்க கடையில இருந்து ஆள் வந்தாங்களாடி?" என்பதுதான். அன்று நான் அழுதேன். அதற்குப் பிறகு அழவில்லை.

அவருக்கு போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "உயிருக்கு ஒண்ணும் இல்லையே? அப்புறம் என்னம்மா. பாத்துக்கலாம்" என்றார்.

"நானே தச்சரைக் கூட்டிட்டு வந்து மாத்திக்கறேன் சார், செலவு என்னோடது" என்றேன்.

"அதெல்லாம் வேண்டாம். என் வீட்டுல என்னைக் கேக்காம ஒரு ஆணியைக்கூடத் தொடக்கூடாது. கதவைச் சாத்தாமதான் குளிங்களேன். பொம்பளைங்க ரெண்டு பேர்தானே, யாரு பாக்கப் போறா?"

நியாயம்தானே? அவர் வீடு. நான் ஆணியைத் தொடவில்லை.

அதன் பிறகு அக்கா, நான் வீட்டில் இருந்தால்தான் குளியலறைக்குள் காலை வைப்பாள். நான் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து 'ம்', 'ம்' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், கதை கேட்கும் குழந்தை உம் கொட்டுகிற மாதிரி. ஒரு 'ம்' தவறினால் உள்ளேயிருந்து, "இருக்கியாடி?" என்று குரல் வரும். "இருக்கேன்க்கா" என்பேன். முதலில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகுதான் கவனித்தேன், நான் வேலைக்குப் போனால் திரும்பி வரும்வரை அவள் தண்ணீரே குடிப்பதில்லை. உதடு வெடித்து, முகம் வற்றிப்போய், கைநடுக்கத்தில் ஊசியைக் கோக்க முடியாமல் உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "தாகம் இல்லடி" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

குளியலறைக் குழாய் உடைந்து தண்ணீர் வீணாகிறது, கட்டணம் அவர் தலையில்தான் விழும் என்று போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். அவர் அத்தனை சுறுசுறுப்பானவர் என்று எனக்கு அதுவரை தெரியாது. வெயிலில் நின்றால் ஸ்கூட்டர் சீட்டு வெடித்துவிடும் என்று, கீழே அவர் சாமான் பூட்டி வைத்திருந்த தளத்துக்குள் நிறுத்தச் சொன்னேன். குழாய் பீய்ச்சி அடிக்கிறது, போன் நனைந்துவிடும் என்று, மேஜைமேல் வாங்கி வைத்தேன். இதெல்லாம் ஒரு மரியாதைக்குச் செய்வதுதான். அக்கா அன்று சித்தி வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை வரை இருந்துவிட்டு வா, இடம் மாறினால் உடம்பு தேறும் என்று நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். செங்கல்லை அன்று காலைதான் கழுவி மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதானே நமக்கெல்லாம் சுத்தம் செய்ய நேரம் கிடைக்கிறது.

அவர் உள்ளே போனார். கதவு தானாகத்தான் சாத்திக்கொண்டது ஐயா. நான் தொடவே இல்லை.

"என்னம்மா, கதவு மாட்டிக்கிச்சு?" என்றார்.

"ஆமா சார். எட்டு தடவை சொன்னேனே, அந்தக் கதவுதான்."

"சரி சரி, திறம்மா."

"தச்சர்கிட்ட சொல்லியிருக்கேன் சார். வெள்ளிக்கிழமை வருவார்."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்தினார். வெளிப்பிடியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். உங்களைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்களே என்றேன். நான்தான் இப்போது சொல்கிறேனே என்று கத்தினார். அவர் குரலை உயர்த்தி அன்றுதான் கேட்டேன். பதற்றத்தில் ஒருவர் கொடுக்கும் அனுமதியை வைத்து எதையும் செய்யக்கூடாது. கிளினிக்கில் நாங்கள் அப்படித்தான். வலியில் இருப்பவர், "எல்லாப் பல்லையும் பிடுங்கிடுங்க" என்பார். பிடுங்கிவிடுவோமா?

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். கிளினிக்கிலேயே குளித்துக்கொண்டேன். கொஞ்சம் சிரமம்தான், ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர்கள் அனுசரித்துத்தானே போக வேண்டும். வரும்போது பிஸ்கட் வாங்கி வந்தேன். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று கதவுக்கு உள்ளேயிருந்து சொல்லியிருந்தார். அதனால் சர்க்கரை போடாத பிஸ்கட்டாகத் தேடி வாங்கினேன். மெல்லிசாக இருந்தால்தான் கதவுக்குக் கீழே போகும். கடைக்காரர், "யாருக்கும்மா?" என்று கேட்டார். "வீட்டுக்கு வந்தவருக்கு" என்றேன்.

தினமும் ஊசி போட வேண்டும் என்று திங்கள் முழுக்கச் சொன்னார். செவ்வாயும் சொன்னார். "பாத்துக்கலாம் சார்" என்றேன். மாலை வேளையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அவர் எங்களுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கியதே இல்லை. கூரை, சுவிட்ச், குழாய் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் உடனே சரிசெய்துவிடுவதாகச் சத்தியம் செய்தார். வாடகையே வேண்டாம் என்றார். ரொம்ப தாராளமான மனது. பாவம், இத்தனை நாள் அதற்குச் சந்தர்ப்பம் அமையவில்லை.

அவர் போன் இரண்டு தடவை அடித்தது. தனிக்கட்டை, தேடுவதற்கு யாருமில்லை. அடித்தவர்கள் இரண்டு பேருமே வேறு வீடுகளில் குடியிருப்பவர்கள். ஒருவருக்குக் குழாய் அடைப்பு, ஒருவருக்குச் சுவரில் விரிசல். "சார் பாத்துக்கலாம்னு சொல்லச் சொன்னார்" என்றேன். இரண்டு பேரும் துளிகூடச் சந்தேகப்படவில்லை. ஒருவர், "அதானே, வேற என்ன சொல்வார்" என்று சிரித்தார்.

புதன்கிழமை குரல் ரொம்ப இறங்கிவிட்டது. "இருக்கியாம்மா?" என்று அடிக்கடி கேட்டார். கதவுக்குக் கீழே இருந்து வந்தது குரல். அக்கா படுத்திருந்த அதே இடம். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இருக்கேன் சார்" என்றேன். அவர் கேட்கும்போதெல்லாம் 'ம்' கொட்டினேன். ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. அக்காவை ஒன்பதரை மணி நேரம் தனியாக விட்டார்களே, நான் அவரை அப்படி விடவில்லை. அந்த வித்தியாசத்தை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை புகார் எதுவும் வரவில்லை. "இருக்கீங்களா சார்?" என்று கேட்டேன். பதில் இல்லை. குடியிருப்பவர் புகார் சொல்வதை நிறுத்திவிட்டால் என்ன அர்த்தம்? வீடு பழகிவிட்டது என்று அர்த்தம். எங்களைப் பற்றி அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். நான் பிஸ்கட்டைத் தள்ளிவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தபோது பிஸ்கட் வைத்த இடத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தாள். கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது, சித்தி நன்றாகக் கவனித்திருக்கிறாள். பையைக் கீழே வைத்துவிட்டு மேஜையைப் பார்த்தாள். அங்கே அவர் போன். மூக்கைச் சுளித்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. வெளிப்பிடியை ஒரு திருப்புத் திருப்பினாள், கதவு திறந்துகொண்டது. அவ்வளவுதான், இரண்டு நொடி வேலை. அந்தப் பிடியில் என்றுமே ஒரு பழுதும் இருந்ததில்லை, அன்று மாலை அக்காவையும் நான் அப்படித்தானே வெளியே எடுத்தேன்.

அக்கா உள்ளே கிடந்தவரைப் பார்த்தாள், கதவின் அடியில் இருந்த புதுக் கீறல்களைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீ எங்கடி இருந்தே?" என்றாள்.

"இங்கதான்க்கா, ஸ்டூல்ல" என்றேன்.

ஸ்டேஷனுக்குப் போன் செய்தது அவள்தான் என்று சொன்னீர்கள். நல்லது, பொறுப்பானவள். என்னைப் பார்க்க வர மாட்டேன் என்றாளாம், இனிமேல் என்னோடு ஒரே அறையில் இருக்கப் பயமாக இருக்கிறது என்றாளாம். அதிர்ச்சி, வேறொன்றுமில்லை. நாலு நாளில் சரியாகிவிடும். தண்ணீர் குடிக்கிறாளா என்று மட்டும் யாரையாவது விசாரிக்கச் சொல்லுங்கள்.

வேண்டுமென்றே செய்தாயா என்று மறுபடியும் கேட்கிறீர்கள். அவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது ஐயா. கதவைத் திறக்கக் கூடாது என்று ஒரு நாளும், ஒரு நிமிஷமும் நான் நினைத்ததில்லை. பாத்துக்கலாம் என்றுதான் இருந்தேன்.