ஹார்ன் அடிச்சிருக்கணும், தம்பி

...இல்ல தம்பி, நான் என்ன கேக்குறேன்னா, வந்த ஆளு ஒரு ஹார்ன் அடிச்சா என்ன குறைஞ்சா போயிரும்? இந்த மலைப்பக்கம் அதுதானே மொறை! வெளிக் கேட்டுக்குப் பக்கத்துல வண்டிய நிறுத்தணும், ஹார்ன் அடிக்கணும், வீட்டுக்காரன் வெளிய வந்து கையை ஆட்டுற வரைக்கும் வண்டிக்குள்ளயே குந்தியிருக்கணும். பாதிரியாருக்கும் அதேதான், பால் வண்டிக்கும் அதேதான். சாவு வந்தாக்கூட எங்க ஊர்ல ஹார்ன் அடிச்சுட்டுத்தான் உள்ள வரும்.

நீங்க என்னடான்னா, கேட்டை நீங்களே தொறந்துக்கிட்டு முற்றம் வரைக்கும் வண்டிய ஓட்டியாந்து, டபக்குனு எறங்குறீங்க. நாய் சும்மா இருக்குமா, இவ ஓடியாந்தா. இப்பப் பாருங்க... நீங்க போலீஸ் கார் பானெட்டு மேல, நான் இவ கழுத்தைக் கட்டிக்கிட்டுப் புழுதியில. யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க?

தம்பி... அந்தக் கை. துப்பாக்கி மேல இருக்கே, அந்தக் கை. எடுக்க வேணாம், சும்மா கொஞ்சம் தளர்த்துங்க. ஆங்... அப்படித்தான்.

உள்ள கொண்டுபோய்ப் பூட்டணுமா? பூட்டலாமே! அதுக்கு நான் எந்திரிக்கணும்ல? இந்த இடுப்பு இருக்கே, ஒருதடவை உக்காந்துட்டா அதுக்கா மனசு வந்தாத்தான் எந்திரிக்கும். நான் கையை விட்டா இவ நேரா உங்ககிட்டதான் வருவா. அதனால பேசிக்கிட்டிருப்போம். என் பேச்சைக் கேட்டா இவளுக்குத் தூக்கம் வந்துரும். ஊர்ல பாதிப்பேருக்கும் அப்படித்தான்.

பேரு மேபல். வேட்டை நாய்ச் சாதி. ஆனா வேட்டையெல்லாம் இவ தாத்தனோட போச்சு. இவளுக்குச் சேவலைக் கண்டாலே ஆகாது. அதோ அந்தச் செவப்புச் சேவல் தெரியுதா? அது வந்தா இவ என் கட்டிலுக்கு அடியில.

பாஞ்சு வந்தாளா? பாய்வா, பாய்வா. ஏன் பாய்ஞ்சா? உங்க சட்டை! அந்தப் பழுப்புச் சட்டையைக் குடுத்தது யாரு, உங்க பெரியவரு ஷெரீப்பா? அவரு ரசனையே அப்படித்தான்... பார்சல் கொண்டுவர்ற லானின்னு ஒரு பையன் இருக்கான். அவனுக்கும் இதே பழுப்புச் சட்டை. மேல் பாக்கெட்டுல எந்நேரமும் நாய் பிஸ்கட் வச்சிருப்பான். பழுப்புச் சட்டையைப் பாத்தா பாக்கெட்டுல மூக்கை விடணும், அவ்வளவுதான் இவ படிச்ச படிப்பு. உங்க கழுத்தைப் பாத்தா வந்தா? பாக்கெட்டைப் பாத்துல்ல வந்தா!

நீங்க எந்த ஊருப் புள்ள? ... செயின்ட் லூயிஸா! பட்டணத்துப் புள்ளையா, அடடா. அங்க ஹார்ன் அடிச்சாத்தான் சண்டைக்கு வருவாங்க இல்ல? அப்பச் சரி. தப்பு உங்க மேல இல்ல.

ஆமா, ஹார்லன் ப்ரூவிட் நான்தான். வேற யாரு இவ்வளவு அழகா இருப்பா? புகார் வந்திருக்கா? என் மேலயா, இவ மேலயா? ... என்னது? காஸ் வண்டிக்காரன் டேல் காலைக் கடிச்சுட்டாளா? முட்டிக்குக் கீழ துண்டாவா! அட, போன சனிக்கெழமை சர்ச்சு விருந்துல அந்த ரெண்டு காலாலயும்தானே ஆடினான்? ஆட்டம் நல்லா இல்ல, அது வேற விஷயம். ஆனா கால் ரெண்டும் இருந்துச்சு.

மேபல், படு. தூங்குடி.

ஏன் தம்பி, யாரு சொன்னதா எழுதியிருக்கு? ... தீவனக்கடை ஓடெல்லா? அவன் பேச்சையா கேட்டீங்க? அவன் தலையில இருக்கே, அது அவன் முடின்னா நெனைச்சீங்க? ஊரே தெரியாத மாதிரி நடிக்குது. போன வருஷம் சூறாவளி வந்தப்ப அது பறந்துபோயி எங்க கொட்டாய்க் கூரையில விழுந்துச்சு, கோழி ஒண்ணு அதுல ஏறிக் குந்தி முட்டை போட்டு, ஒரு வாரம் அடைகாத்து... சரி, சரி. கோழி அடைகாக்கல. முடி பறந்தது மட்டும் நெசம்.

கைய மறுபடியும் அங்க கொண்டு போறீங்க பாருங்க! அவ கனவு காண்றா, தம்பி. தூக்கத்துல காலை ஒதைக்கிறா. அதுக்குப் பேரு தாக்குதலா?

உங்க மேல எனக்குக் கோவமில்ல. பயம்தான். அதோ மேட்டுல வெள்ளை வீடு தெரியுதா? அது வெர்னா ஸ்காக்ஸ் வீடு. ஒண்டியா இருக்கா. ஞாயித்துக்கெழமை சர்ச்சு முடிஞ்சதும் எனக்குச் சோளரொட்டி சுட்டுக் கொண்டாருவா. ஐயோ, அந்த ரொட்டி! அதை வச்சு அஸ்திவாரம் போடலாம் தம்பி. பல்லு வச்சா பல்லுதான் பேரும். நான் என்ன பண்ணுவேன்? "ஆகா வெர்னா, தேவாமிர்தம்"னு சொல்லிக்கிட்டே மேசைக்கு அடியில மேபல்கிட்ட தள்ளிருவேன். மேபல் அதைத் தின்னாளான்னு கேளுங்க. தின்னல! கவ்விக்கிட்டுப் போயி புதைச்சிருவா. இந்த முற்றத்தைத் தோண்டினீங்கன்னா...

எங்க விட்டேன்? ஆங், வெர்னா. அவகிட்ட கேப்டன்னு ஒரு நாய் இருந்துச்சு. ரெண்டு வருஷம் முந்தி, அடுத்த ரோட்டுல இருக்குற எவனுக்கோ குடுக்க வேண்டிய கோர்ட்டு சம்மனோட உங்க ஆளு ஒருத்தரு அவ வீட்டுக்கு வந்துட்டாரு. அவரும் ஹார்ன் அடிக்கல. கேப்டன் வாசல்லேருந்து எறங்கி ஓடியாந்தான்.

ஒரே ஒரு வெடிச்சத்தம்தான். நான் வேலிக்கிட்ட நின்னேன். விழுந்ததுக்கு அப்புறமும் அந்த வால் நிக்கல தம்பி. கொஞ்ச நேரம் ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு.

...

சரி விடுங்க. அவருக்கும் பயம்தான், உங்களை மாதிரி. பயத்துல இருக்குறவன் கையில அதைக் குடுத்து அனுப்புறாங்க, அதைச் சொல்லணும். வெர்னா அதுக்கப்புறம் வேற நாய் வாங்கல. கேப்டனோட கழுத்துப்பட்டை இன்னும் அவ அடுப்பங்கரை ஆணியிலதான் தொங்குது.

என்ன சொன்னீங்க? இந்த வீடுன்னாலே உங்க கம்ப்யூட்டர்ல செவப்பா எழுதியிருக்கா? "ஆபத்தான மிருகம்"னா? அதனாலதான் வரும்போதே கைய அங்க வச்சிருந்தீங்களா? ஓ... ஓகோ... இன்னிக்கு நீங்க போனாலும் நாளைக்கு வர்றவரும் அதைப் படிச்சுட்டுத்தான் வருவாரா? கேட்டுல ஒரு போர்டு வேற தொங்குதுன்னா...

ஆமா. போர்டு தொங்குது. "நாய் ஜாக்கிரதை. இதுவரைக்கும் மூணு பேர். நாலாவது ஆளுக்கும் வயித்துல எடம் இருக்கு." எழுத்து நல்லா இருக்கா? என் கைதான்.

இங்க பாருங்க தம்பி... சொல்லிர்றேன். கேப்டன் போனதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் இல்ல. ஒருத்தனும் இந்தக் கேட்டைத் தாண்டி உள்ள வரக்கூடாது, அதுக்கு என்ன வழின்னு யோசிச்சேன். போர்டை எழுதினேன். அப்புறம் தீவனக்கடைக்குப் போனேன். ஓடெல் கேட்டான், நாய் எப்படி இருக்குன்னு. இவ ஒரு மலைச்சிங்கத்தையே வெரட்டி மரத்துல ஏத்திட்டான்னு சொன்னேன். அவன் நம்பினான்! கண்ணு இவ்வளவு பெருசாச்சு! அப்புறம் எனக்கும் வாய் நிக்கல. அடுத்த வாரம் வரி போட வந்த அதிகாரியை மரத்துல ஏத்தினேன். அதுக்கடுத்த வாரம்தான் டேலோட விரலு.

விரல்தான் தம்பி! நான் சொன்னது ஒரே ஒரு சுண்டுவிரல்! முழுக் காலை ஓடெல் சேத்திருக்கான். பொய் சொன்னா ஒரு அளவு வேணாமா?

ஆக... கேட்டைத் தாண்டி யாரும் வரக்கூடாதுன்னு நான் கட்டின கதை, உங்களைத் துப்பாக்கியோட கேட்டுக்குள்ள கொண்டாந்து விட்டுருச்சு. இந்தக் கெழவன் வாயாலயே இவ இன்னிக்குப் போயிருப்பா.

அதை அழிக்க முடியுமா? அந்தச் செவப்பு எழுத்தை? ... ரேடியோவுலயா சொல்லணும்? இப்பவேவா? ஐயையோ, வேணாம்! உங்களுக்குத் தெரியாதா? இந்த மலையில ஒவ்வொரு அடுப்பங்கரையிலயும் பிரிட்ஜ் மேல போலீஸ் ரேடியோவை ஒட்டுக்கேக்குற பொட்டி ஒண்ணு இருக்கு. நீங்க போலீஸ் ரேடியோவுல தும்மினா, பத்து வீட்டுல "கர்த்தர் காப்பாத்தட்டும்"னு சொல்லுவாங்க. அதுல போயி, மேபல் ஒரு ஈயைக் கூடக் கடிச்சதில்ல, ப்ரூவிட் சொன்னது அத்தனையும் பொய்யின்னு சொன்னீங்கன்னா நாளைக்கு நான் தீவனக்கடையில எப்படி நிப்பேன்? எனக்குன்னு ஊர்ல இருக்குறது இந்த வாய் ஒண்ணுதான். போன்ல சொல்லுங்களேன்... இந்தப் பள்ளத்துல சிக்னல் ஏது, அதுவும் சரிதான்.

...

பாருங்க, எப்படித் தூங்குறா. வாயோரம் எச்சி ஒழுகுது.

சொல்லுங்க தம்பி. ரேடியோவுலயே சொல்லுங்க. ப்ரூவிட் ஒரு புளுகன், நாய் ஒரு அப்பாவின்னு சொல்லுங்க. நல்லா சத்தமாவே சொல்லுங்க. அழுத்துங்க அந்தப் பொத்தானை.

ஏன், அழுத்த மாட்டேங்குதா? ... என்ன முழிக்கிறீங்க? ஏற்கெனவே அமுங்கியிருக்கா? அமுங்கியிருக்குன்னா? அதுல செவப்பா மினுக்குதே, அது எப்போலேருந்து மினுக்குது? ... பானெட்டுல ஏறுறப்ப பெல்ட்டுல மாட்டிக்கிச்சா!

அப்போ... நான் பேசினதெல்லாம் ரேடியோவுல... சேவல் கதை போயிருக்கு. ஓடெல் முடி... ஓடெல் முடியும் போயிருச்சா? ஷெரீப் ரசனை? இழுங்க, அந்தப் பொத்தானை இழுத்து விடுங்க சீக்கிரம்!

யாரு அது, ரேடியோவுல இப்படிச் சிரிக்கிறது? லொரெய்னா? உங்க ஆபீஸ் லொரெய்னா? ஏம்மா, மூச்சு விட்டுச் சிரிம்மா! ... என்ன சொல்றா? எழுத்தை அழிச்சுட்டாளா? செவப்பு எழுத்து போயிருச்சா? முழுசா? இன்னொருதடவை கேளுங்க தம்பி.

போயிருச்சாம்டி, மேபல்.

எறங்குங்க தம்பி, எறங்குங்க. பாத்து. இவளும் முழிச்சுக்கிட்டா... இதோ வர்றா, பயப்படாதீங்க, கைய விரிச்சுக் காட்டுங்க. ஆங், பாக்கெட்டுல மூக்கை விட்டுட்டாளா? என்ன வச்சிருந்தீங்க? சுயிங்கமா! அது அவளுக்கு ஆகாது, வாங்கிருங்க. ஆனா சிரிச்சீங்க பாத்தீங்களா! எங்க ஊருப் புள்ளையாயிட்டீங்க.

வீட்டுக்குள்ள போன் அடிக்குது. அடிக்கட்டும். ஓடெல்லாத்தான் இருக்கும். நான் வீட்டுல இல்ல.

இருங்க... கேட்டுக்கிட்ட ஹார்ன். கேட்டுச்சா? யாரோ ஹார்ன் அடிச்சுட்டு வண்டிக்குள்ளயே குந்தியிருக்காங்க. பாத்துக்கங்க தம்பி, இதுதான் மரியாதை. நான் கைய ஆட்டுனாத்தான் எறங்குவாங்க. யாரு வண்டி அது, நீலக் கலரு... வெர்னா வண்டி மாதிரி...

வெர்னாவா? அவ அடுப்பங்கரையிலயும் பொட்டி இருக்கே! அந்தச் சோளரொட்டிக் கதை...

தம்பி, நான் கைய ஆட்டலியே? பாருங்க, ஆட்டவே இல்ல! அவளா எறங்குறா. கையில அது என்ன கறுப்பா? ... இரும்புச் சட்டி. உள்ள ரொட்டி இருக்கா, வெறும் சட்டியா? அதைப் பாத்துச் சொல்லுங்க முதல்ல! இவ வேற வாலை ஆட்டிக்கிட்டு அவ பக்கம் ஓடுறா, துரோகி... தோளுல ஏதோ தொங்குதா? தோல் வாரா? ... கேப்டனோட கழுத்துப்பட்டையா அது? ஏன் அதை எடுத்துக்கிட்டு வர்றா... மேபலுக்காடி வெர்னா?

மேபல் கழுத்துல மாட்டுறா தம்பி. மண்டி போட்டு மாட்டுறா.

...

சரி, மாட்டிட்டா. எந்திரிச்சுட்டா. இப்ப சட்டியைக் கையில எடுத்துக்கிட்டு என்னையப் பாக்குறா. தம்பி, நீங்க எங்க நைசா கதவைத் தொறக்குறீங்க? வேலை முடிஞ்சுதா? எனக்கு இன்னும் இடுப்பு எந்திரிக்கலியே! வண்டிய எடுக்காதீங்க, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்... அந்த பானெட்டு மேல எனக்கும் கொஞ்சம் எடம் இருக்கும்ல?