மூன்றாம் பலகையும் நான்காம் பலகையும்

ஏமானே, ஒரு கடைக்காரனின் லட்சணத்தை அவன் கடை அடைக்கிற அழகிலேயே கண்டுகொள்ளலாம். சாலைக் கடைவீதியில் என் கடைக்கு ஒன்பது நிரைப்பலகைகள்; பின்கட்டிலேயே வீடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அடைக்கும்போது ஒவ்வொன்றாகக் காடியில் செருகித் தள்ளுவோம். ஒன்று முதல் ஒன்பது வரை தாரால் எண் போட்டிருக்கும். எந்த வரிசையில் செருகினாலும் கடை அடைபடும், அது வேறு விஷயம்.

செத்துப்போன என் தம்பியின் மகன் சுப்புவுக்கு மட்டும் அது வேறு விஷயமில்லை. இரண்டரை வயது. பேச்சு கிடையாது, கூப்பிட்டால் திரும்பமாட்டான். திடீரென்று அலறிப் படிக்கல்லில் தலையை மோதுவான், தடுத்தால் கடிப்பான். என் மகள் சூடாமணியைப் பெண் பார்க்கக் கோட்டாற்றிலிருந்து வந்தவர்கள், "இது ரத்தத்திலே உள்ள சீக்கோ?" என்று கேட்டுவிட்டுக் காப்பியைத் தொடாமல் எழுந்துபோனார்கள்.

கல்லாற்று மந்திரவாதி ஒருவனிடம் பையனை விட்டுவிடலாம் என்றேன். தம்பி பெண்டாட்டி நீலாம்பாள் அவனை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

"அத்தான், ஒரு மாசம் தாங்க. அதுக்குள்ளே அடங்கலேன்னா நானே கொண்டு விடுதேன்."

"ஒரு மாசம்னா முப்பது நாள். முப்பத்தொண்ணு கேக்கப்பிடாது, கேட்டியா?"

பேரம் படிந்தது.

அவள் கெட்டிக்காரி. முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். "பலகை வரிசை மாறினாத்தான் இவன் கரைஞ்சு அலறுதான், அத்தான். பிச்சையாவை நம்பர் பாத்துப் போடச் சொல்லுங்க."

கடையாள் பிச்சையா எண் பார்த்துப் போட்டான். சுப்பு ஒவ்வொரு பலகையாகத் தடவிக்கொண்டே வருவான்; ஒன்பதாவது விழுந்ததும் சிரிப்பான். இருபத்தொன்பது நாள் வீட்டில் சத்தமே இல்லை.

முப்பதாம் நாள் பிச்சையாவைச் சாப்பிட அனுப்பிவிட்டு நானே பலகை போட்டேன். ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று. பையனின் கை நான்கில் நின்றது. என்னைப் பார்த்தான், அதுவரை யாரையும் அவன் நேராகப் பார்த்ததில்லை. பிறகு படிக்கல்லுக்குப் போனான்.

இரண்டு பலகைகளை உருவி மாற்ற அதிக நேரம் ஆகாது. நீலாம்பாள் அடுக்களையிலிருந்து ஓடிவந்து, பிள்ளையை வாரிக்கொண்டு, முதலில் பலகையைத்தான் பார்த்தாள்.

"நம்பர் சரியாத்தானே இருக்கு," என்றாள். வாக்குத் தவறாதவள். மறுநாள் பையனைக் கல்லாற்றில் கொண்டு விட வண்டியேறினாள்.

பதினோராம் நாள் சேதி வந்தது. கட்டிவைத்த தூணிலேயே மோதி மோதிப் போய்விட்டானாம். நீங்கள் மந்திரவாதி ஒருவனை மட்டும் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அது முறையில்லை என்று பட்டது, வந்தேன். மற்றபடி நான் பையனைத் தொட்டதே இல்லை, ஏமானே. தொட்டது இரண்டு பலகைகளை. அவற்றையும் உடனே சரியாகப் போட்டுவிட்டேன்.