தாங்கும் என்று நான் சொன்ன பேட்டரி

“பேட்டரிக்குக் கோபம் வருமா தாத்தா?” என்று என் பேத்தி மிலேனா ஒருநாள் கடையில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். வரும் என்றேன். அது கொடுக்கக்கூடியதைவிட அதிகம் கேட்டால் வரும்.

ஐயா, என் தொழிலே அவ்வளவுதான். இந்த விதின் ஊரில் மின்சிகரெட் விற்கிற மற்றவர்களிடம் ஏமாந்தவர்கள் கடைசியில் என்னிடம் வருவார்கள். முதலில் பேட்டரி, பிறகுதான் வாட், அதாவது சூட்டின் அளவு என்பேன். குறைவாக வைத்துத் தொடங்கு, தொண்டை கரித்தால் இன்னும் குறை. பேட்டரியைச் சாவியோடு பையில் போடாதே என்று சொல்லி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பி இலவசமாகத் தருவேன். சின்ன உதவிதான். சின்ன உதவிகளால்தான் உலகம் நிற்கிறது என்று நம்புகிறவன் நான்.

க்ரூம் நல்லவன். அதுதான் எனக்கு உறுத்தியது. என் மகன் இறந்து சில வருடங்கள் கழித்து, என் மருமகள் ராலிட்சாவைப் பார்க்க அவன் வரத் தொடங்கினான். படகுத்துறையில் மெக்கானிக். நான் கேட்காமலேயே எங்கள் சமையலறைக் குழாயைச் சரிசெய்தான். ஏன் செய்ய வேண்டும்? குழந்தைக்குக் கொறிக்கச் சூரியகாந்தி விதை வாங்கிவந்தான். யார் கேட்டது? என்னோடு பேசும்போது தொப்பியைக் கழற்றினான். இவ்வளவு மரியாதையும் எதை எடுத்துக்கொண்டு போவதற்கு என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். குளிர்காலம் முடியும்போது தெரிந்தது. ஆஸ்திரியாவில் வேலை கிடைத்திருக்கிறது. ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். ராலிட்சாவையும் மிலேனாவையும் கூட்டிக்கொண்டு போகிறான்.

ஈஸ்டர் நோன்பு தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை புது பேட்டரி கேட்டுக் கடைக்கு வந்தான். அவனிடம் இருந்தது பழைய குழாய் வகை மின்சிகரெட். வாட்டைக் கூட்டிக் குறைக்க அதில் வழி இல்லை. அளவு மிஞ்சினால் தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பும் இல்லை. எல்லாம் பேட்டரியின் பொறுப்பு. அதற்கு ஏற்ற நல்ல பேட்டரி என் மேசை இழுப்பறையில் இருந்தது. அதன் பக்கத்திலேயே, பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றி நான் புது உறை மாட்டிவைத்த, அவ்வளவு இழுப்பைத் தாங்காத இன்னொன்றும் இருந்தது. இரண்டாவதை எடுத்தேன்.

“தாங்குமா மாமா? நான் இழுக்கிற இழுப்பு தெரியும்ல, ரயில் எஞ்சின் மாதிரி.”

“தாங்கும். நீ பாட்டுக்கு இழு.”

டப்பி தீர்ந்துவிட்டது என்றேன்.

மறுநாள் மன்னிப்பு ஞாயிறு, நோன்புக்கு முன் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிற நாள். மதியம் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். அன்றைக்கு வழக்கமாக ஆடுகிற விளையாட்டில், நூலில் தொங்கவிட்ட அவித்த முட்டையை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வப் பார்த்தான் க்ரூம். மிலேனா சிரித்துச் சிரித்து அவன் மடியில் போய்ச் சாய்ந்தாள். என் மடி காலியாகத்தான் இருந்தது. பிறகு முறைப்படி இளையவர்கள் என் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். க்ரூமை மன்னித்தேன். நானும் அவனிடம் கேட்டேன்.

“நீங்க என்ன பண்ணிட்டீங்க மாமா? என் கை கிரீஸைப் பார்த்து மூஞ்சியச் சுளிச்சீங்களே, அதுக்கா?”

“எதுக்கோ. சொல்லிடு.”

“சரி, மன்னிச்சேன். கடவுளும் மன்னிக்கட்டும்.”

ராலிட்சா சாட்சி. இதற்கு மட்டும், அதற்கு இல்லை என்று அவன் பிரித்துச் சொல்லவில்லை.

திங்கள் காலை, பேருந்து நிறுத்தத்தில், வாயில் வைத்து இழுத்தபோது வெடித்தது. புதன்கிழமை மருத்துவமனையில் உயிர் போய்விட்டது. நான் நினைத்தது வேறு, ஐயா. விரல் கொஞ்சம் சுட்டால் வேலைக்குப் போவதைத் தள்ளிப்போடுவான், குழந்தை இன்னும் கொஞ்ச நாள் என்னோடு இருப்பாள் என்றுதான் நினைத்தேன். அவன் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை.

மனதார மன்னித்தவனுக்கு ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா? கடன் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்த ஞாயிறு சாயங்காலமே, அவன் என் வீட்டில் மிலேனாவுக்குக் காகிதப் படகு மடித்துக்கொண்டிருந்தபோது, நான் தேவாலயத்துக்குப் போனேன். வழிபாடு முடிந்து, மெழுகுவர்த்தி விற்கிற பெண்ணும் கிளம்பிவிட்டிருந்தாள். பெட்டியில் காசைப் போட்டுவிட்டு, அவன் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். உயிரோடு இருப்பவர்களுக்கு ஏற்றுவது மேல்தட்டில். இறந்தவர்களுக்கு ஏற்றுவது கீழே மணலில். நான் குனிந்து மணலில் நட்டேன்.