மொத கேஜு

இல்லீங்கய்யா, தலை இடிக்கும்னு குனியல. வாசக்கால் ஒசரமா தான் கீது, தெரியுது. பழக்கங்க. பாதி ஆயுசு தங்கச் சொரங்கத்துல குனிஞ்சே நடந்தவன். மண்ணு சரிஞ்சி காலு போன அப்பால மேல வேல குடுத்துட்டாங்க, ஆனா முதுகு மட்டும் இன்னும் கீழயே கீது. நிமிந்தா கல்லு இடிக்கும்னு அதுவா நெனச்சிக்குது.

பெஞ்சு வேணாங்க. இங்கியே குந்திக்கறேன்.

பேரா? சம்பங்கிங்க. ஆமா, ஆடு வெட்டுற சம்பங்கியே தான். உங்க வரைக்கும் வந்துட்டுதா அந்தப் பேரு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம உங்க பவுத்த சங்கத்துல கடேசியா வந்து குந்துவேன். சீலம் எடுக்கறவங்க முன்னால வாங்கன்னு நீங்க கூப்ட்டதும் எழுந்து ஓடுவேன். பாத்தீங்களா? பாக்காம இன்னா, நொண்டிக்கினு ஓடுறவன் எங்க ஒளிய முடியும்.

இன்னாத்துக்கு ஓடுனேன்னா, பயந்தாங்க. கள்ள வுடச் சொன்னா வுட்டுடுவேன். பொய்யி, அது கொஞ்சம் கஷ்டம், அதையும் பாத்துக்கலாம். மொத சீலம் தாங்க தொண்டையில நிக்குது. ஒரு உசுரையும் கொல்லமாட்டேன்னு சொல்லணுமே. அத நான் சொல்லிட்டா எங்க ஷாப்ட்டுக்கு, அதான் சொரங்கம் எறங்குற குழிக்கு, ஆடு வெட்டறது யாரு?

நீங்க பெங்களூர்லர்ந்து வந்தவரு, உங்களுக்கு எங்க வழக்கம் தெரிஞ்சிருக்காது. வருசத்துக்கு ஒருக்கா ஷாப்ட்டு வாயில மாரியாத்தாளுக்குப் பூச. ஆட்ட ஒரே வெட்டுல வெட்டணும். ரெண்டாவது வெட்டு வுழுந்தா அன்னிக்கி எவனும் எறங்கமாட்டான். வெட்டுனதும் மொத கேஜு எறங்கும். கேஜுன்னா ஆளுங்கள கீழ எறக்குற இரும்புக் கூண்டு. அதுல வெட்டுனவன் வூட்டு ஆளு தான் ஏறணும், நெத்தியில அந்த ரத்தத்த வச்சிக்கினு. வெட்டுனவன் மேலயே நிப்பான். கீழ போய்ச் சேந்து மணி அடிச்சா தான் மத்தவங்க ஏறுவாங்க. சொந்த வூட்டுப் புள்ளயவே அனுப்புறானே, அப்ப ஆத்தா ஏத்துக்கினா, இனிமே பயமில்லன்னு ஒரு நம்பிக்க. தொரைங்களும் வாய தொறக்கறதில்ல. கரண்டு வந்த வருசம் கூட ஆடு வெட்டுன அப்பால தான் வெளக்கு எரிஞ்சிதுன்னா பாத்துக்கோங்க.

குடியாத்தத்துலர்ந்து மூட்டையத் தூக்கிக்கினு வந்து எறங்குன காலத்துலர்ந்து நான் தான் வெட்டறேன். எங்க கூலிக்காரங்க லைன்ல அதுக்கு ஒரு மரியாத கீது. சம்பங்கி வரட்டும்னு மேஸ்திரியே காத்துக்கினு நிப்பான். அத வுட்டுட்டா நான் வெறும் நொண்டி தான? சீலம், தர்மம், பெரிய பெரிய வார்த்தையெல்லாம் நமக்கு இன்னாத்துக்கு, நம்ம அளவுக்குக் குனிஞ்சிக்கினே காலத்தத் தள்ளிடலாம்னு தான் ஓடுனேன்.

போன வருசமா? போன வருசமும் நல்ல வெட்டு தாங்க. ஒரு கொறையும் சொல்ல முடியாது. எம் பெரிய பையன் பேரு சின்னசாமி. சிரிக்கலாங்க, எல்லாரும் சிரிப்பாங்க. அவன் தான் மொத கேஜுல போனான். நான் தான் நெத்தியில வச்சி வுட்டேன். கீழ போய் மணி அடிச்சான். ஆளுங்க வரிசையா எறங்குனாங்க. மேல நாங்க கறிய பங்கு போட்டுக்கினு இருந்தோம். அப்போ பாறை வெடிச்சிது. அது காதுல கேக்காதுங்க, பாதத்துல தான் கேக்கும்.

மேல கொண்டாந்து படுக்க வச்சாங்க. நெத்தியில நான் வச்சது எது, அவனுது எதுன்னு தெரியல.

தண்ணி வேணாங்க. நல்லா தான் கீறேன்.

அவன் போனப்பவும் நான் அழுவல. லைன்ல அதையே தான் பேசறாங்க, இவன் கல்லு மனசுக்காரன்னு. பாறைய தொளச்சவனக் கேட்டுப் பாருங்க. ஷிப்டு பூரா சுத்தி அடிச்சிட்டு வந்து கைய தண்ணியில வச்சா, வெந்நியா பச்சத் தண்ணியான்னு தெரியாது. கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும். எனக்கு அது தெளியவேயில்ல. சோறும் அப்டியே, பொகையிலையும் அப்டியே.

ஆத்தா மேல கோவமான்னா, இல்லீங்க. கோவம் வந்தாலும் தேவலன்னு கீது. நல்லா தான வெட்டுனேன், வாங்கிக்கினா தான, அப்பால ஏன் அப்டின்னு ஒரு கேள்வி மட்டும் உள்ள ஓடிக்கினே இருந்துச்சு. அதுக்குத் தாங்க இங்க வந்து குந்துனேன். எல்லா உசுருக்கும் சாவுன்னா பயம்னு மட்டும் சொன்னீங்க. வருசா வருசம் ஆட்டுக் காலு நடுங்கும், நான் பாத்திருக்கேன். வெடிகாலைல தலையில தண்ணி ஊத்துறாங்க, குளுருக்குத் தான் நடுங்குதுன்னு நெனச்சிக்கினு கீறேன், இத்தினி வருசமும்.

எஞ்சம்சாரம் மங்கம்மாவுக்கு வேற நெனப்பு. போன வருசத்து ஆட்டு வயித்துல ஒரு மச்சம் இருந்துச்சாம், அதான் ஆத்தா வாங்கிக்கலையாம். இந்த வருசம் ஆண்டர்சன்பேட்டை சந்தைக்கு அவளே போய், ஒரு மயிரு வெள்ள இல்லாத கருப்பு கடாவா பொறுக்கி எடுத்தாந்தா. நான் இங்க வந்து குந்தறது அவளுக்குத் தெரியும். நீ வெட்டலன்னா நான் வெட்டுவேன், பொம்பள வெட்டுனா குத்தம்னா அந்தக் குத்தமும் என் தலையில வுழட்டுன்னுட்டா. அவ மேல தப்பு சொல்ல முடியாதுங்க. பெத்தவ.

எப்பவா? நாளைக்கு தாங்க பூச. அதான் ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்காதுன்னு ஓடியாந்தேன். இன்னிக்கே குடுத்துடுங்க அந்தச் சீலத்த. வாயி தொறந்து சொல்லிட்டேன்னா கை நிக்கும். சொல்லலன்னா ஆட்டக் கண்டதும் அதுவா எழும்பிடும். எனக்குத் தெரியும் என் கைய.

இந்த வெட்டுக்கத்திய நீங்க வச்சிக்குங்க. வூட்ல வச்சா மங்கம்மா எடுத்துக்குவா. துணியப் பிரிக்காதீங்க, பிடிப் பக்கமா புடிங்க. கூர் கீது. நேத்து சாயங்காலம் தான் சாணை புடிச்சேன்.

ஆமாங்க, நேத்து வரைக்கும் வெட்டறதா தான் இருந்தேன். சாணை புடிக்கறப்போ சின்னவன், முனியப்பன், பக்கத்துல வந்து குந்துனான். ஒரே வெட்டு தானப்பான்னான். ஆமான்டான்னேன். கொஞ்ச நேரம் கழிச்சி மறுபடியும் அதையே கேட்டான். அவன் பாதத்தப் பாத்தேன். நடுங்கிக்கினு இருந்துச்சு. நேத்து குளுரு ஒண்ணும் இல்லீங்க. கத்திய வச்சிட்டு அந்தப் பாதத்தப் புடிச்சேன், கையில சூடு தெரிஞ்சிது. பெரியவன் போனதுலர்ந்து அப்டி ஒண்ணும் தெரிஞ்சதே இல்ல.

அவன் இன்னாத்துக்கு நடுங்குனானா? இந்த வருசம் அவன் மொறையாச்சே. நாளைக்கு மொத கேஜு அவன் தான்.

பயம் போவலீங்க. போச்சுன்னு சொன்னா பொய்யி கூடாதுங்கற சீலம் எடுக்கறதுக்கு முன்னாலயே பொய்யாயிடும். வெட்டு இல்லன்னாலும் மொத கேஜு எறங்கியாவணும், அது எங்க வூட்டு மொற. ரத்தம் வைக்காம போனா எவனும் அவன் பின்னால எறங்கமாட்டான், அதுவும் தெரியும். ஆனா அவன் தனியா போவமாட்டான். நானும் ஏறுறேன். கூண்டுல நடக்கவா போறேன், நிக்கறது தான, இந்தக் காலு போதும். வெட்டுனவன் தான மேல நிக்கணும். நான் தான் வெட்டலியே.

சொல்லுங்கய்யா, மொத வார்த்தைய. பின்னாலயே சொல்றேன்.